ஆர்கான், நைட்ரஜன் சிலிண்டரோடு வேலை செய்வது எப்படி

டிக் வெல்டிங் (டங்ஸ்டன் மின்முனையால், மந்த வாயுத் திரையில் செய்யும் பற்றவைப்பு) டார்ச்சில் ஆர்கான் நிமிடத்துக்கு 12 லிட்டர் போகிறது. சாயங்காலம் டார்ச் வால்வையும் மூடவில்லை, சிலிண்டர் வால்வையும் மூடவில்லை, கதவைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆள் வருவதற்குள் 12 மணி நேரம் ஆகிவிடும். 12 × 60 × 12 = 8,640 லிட்டர். 50 லிட்டர் கொள்ளளவில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பிய சிலிண்டரில் மொத்தமே 10,000 லிட்டர் அளவுக்குத்தான் வாயு இருக்கும். அதாவது ஒரு சிலிண்டர் முக்கால்வாசிக்கு மேல் அறைக்குள் இறங்கிவிட்டது.

அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் என்றால் 30 கன மீட்டர். காற்றோட்டமே இல்லை என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுவது சுலபம்: அறையின் கன அளவிலிருந்து வெளியேறிய வாயுவைக் (8,640 லிட்டர், அதாவது 8.64 கன மீட்டர்) கழியுங்கள், மீதியை அறையின் கன அளவால் வகுத்து 20.9-ஆல் பெருக்குங்கள். (30 − 8.64) ÷ 30 × 20.9 = 14.9. சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் இங்கே 15-க்கும் கீழே. 19.5-க்குக் குறைந்தாலே ஆக்சிஜன் பற்றாக்குறை என்றுதான் வேலையிடப் பாதுகாப்பு விதிகளில் பரவலாக வைத்திருக்கிறார்கள். கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வந்து போகும், நிஜத்தில் இவ்வளவு குறையாமலும் இருக்கலாம். ஆனால் ஆர்கான் காற்றைவிட 1.38 மடங்கு கனமானது. தரையோரம் இந்தச் சராசரியைவிட மோசமாகவே இருக்கும். அறைக்குள் சிலிண்டர் வைக்கலாமா, வெளியே வைத்துக் குழாய் இழுக்கலாமா என்று முடிவு செய்யும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு முழு சிலிண்டரும் காலியானால் விடை 19.5-க்குக் கீழே வருகிறதென்றால், சிலிண்டரின் இடம் வெளியேதான்.

உடம்பு ஏன் சொல்லாது

‘மந்த வாயு’ என்ற பெயர்தான் பாதி ஆபத்து. எரியாது, விஷமில்லை, எதனோடும் வினைபுரியாது என்று படித்தவுடன் மனசு லேசாகிவிடுகிறது. காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன், 0.93 சதவீதம் ஆர்கான் இருக்கும்போது அதில் என்ன பயம் என்றும் தோன்றும். பயம் அந்த வாயுவிடம் இல்லை; அது வந்து உட்காரும் இடத்திலிருந்து விரட்டிவிடும் ஆக்சிஜனிடம் இருக்கிறது.

மூச்சு முட்டுகிற உணர்வு நமக்கு ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதால் வருகிறது. ஆர்கானையோ நைட்ரஜனையோ சுவாசிப்பவர் ஒவ்வொரு மூச்சிலும் கார்பன் டை ஆக்சைடை வழக்கம்போல வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறார். அதனால் திணறல் இல்லை, இருமல் இல்லை, ஓடவேண்டும் என்ற பதற்றமும் இல்லை. போதாக்குறைக்கு, ஆக்சிஜனே இல்லாத வாயு நுரையீரலுக்குள் போனால் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜனும் திரும்ப வெளியே வந்துவிடும். தண்ணீருக்குள் மூச்சடக்கி ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கிற ஆள், சுத்த நைட்ரஜனில் ஓரிரு மூச்சிலேயே நினைவிழந்து விழுவது இதனால்தான்.

ஆக்சிஜன் மெதுவாகக் குறையும்போது முதலில் போவது நிதானம். 19-லிருந்து 15 சதவீதத்துக்கு இறங்கும்போது கை கால் ஒத்துழைப்பு குறைகிறது, களைப்பு தட்டுகிறது. 14-லிருந்து 12-க்குள் மூச்சு வேகமெடுக்கும், தீர்மானிக்கும் திறன் கெட்டுவிடும். தான் தடுமாறுகிறோம் என்பதே அந்த ஆளுக்குத் தெரியாது; சிலருக்கு உற்சாகமாகக்கூட இருக்கும். 12-லிருந்து 10-க்குள் உதடு நீலம் பாய்கிறது. 10-க்குக் கீழே மயக்கம், வாந்தி. 6-லிருந்து 4-க்குள் 40 நொடியில் கோமா, பிறகு மரணம். ‘தலை சுற்றினால் வெளியே வந்துவிடுவேன்’ என்பது இங்கே திட்டமே அல்ல. தலை சுற்றும் நேரத்தில் கால் சொன்ன பேச்சு கேட்காது.

அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் 2003-ல் வெளியிட்ட அறிக்கை, 1992 முதல் 2002 வரை அந்நாட்டில் நைட்ரஜனால் நடந்த 85 விபத்துகளில் 80 பேர் இறந்ததாகச் சொல்கிறது. விஷமில்லாத வாயுவின் கணக்கு இது.

மீட்டர் எங்கே, எப்படி

மூக்கு பயன்படாது என்றாகிவிட்ட பிறகு மிச்சம் இருப்பது ஆக்சிஜன் மீட்டர் மட்டும்தான். மெழுகுவத்தி ஏற்றிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சுடர் அணைவதற்கே ஆக்சிஜன் 16 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும், அதற்குள் ஆள் நிதானம் இழக்கத் தொடங்கியிருப்பார்.

சுவரில் பொருத்தும் மீட்டரின் உயரம் வாயுவைப் பொறுத்தது. ஆர்கானுக்குத் தரையிலிருந்து முழங்கால் உயரம். ஹீலியம் மேலே ஏறும், அதற்குக் கூரையோரம். நைட்ரஜன் காற்றின் எடையை ஒட்டியே இருப்பதால் முகத்தின் உயரத்தில் வைக்கலாம். ஆனால் திரவ நைட்ரஜன் ஆவி குளிர்ந்து கனத்துத் தரையில் படரும் என்பதால் அங்கே கீழேயும் ஒன்று தேவை. அலாரம் ஒலிப்பதும் விளக்கு எரிவதும் அறைக்கு வெளியிலேயே தெரிய வேண்டும். உள்ளே நுழைந்த பிறகு கேட்கிற அலாரத்தால் பாதிப் பயன்தான்.

சட்டையில் மாட்டும் கையடக்க மீட்டரைத் தினமும் திறந்த வெளியில் போட்டுப் பாருங்கள். 20.9 காட்ட வேண்டும். பிறகு சென்சார் முகப்பில் மூச்சை மெதுவாக ஊதினால் எண் இறங்கி அலாரம் அடிக்க வேண்டும். நாம் விடும் மூச்சில் ஆக்சிஜன் 16, 17 சதவீதம்தான். இது ஒரு சட்டென்ற சோதனை மட்டும். தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில் அளவுவாயு (ஆக்சிஜன் அளவு முன்பே தெரிந்த வாயு) வைத்துச் சரிபார்ப்பதற்கு இது மாற்றாகாது. மின்வேதியியல் சென்சார் சும்மா அலமாரியில் கிடந்தாலும் தேய்ந்துகொண்டே இருக்கும், எனவே அதன் காலாவதித் தேதியை மீட்டர் மேலேயே எழுதி ஒட்டுங்கள். பலரும் தவறவிடுகிற ஒன்று: எரிவாயு கண்டுபிடிக்கும் மீட்டர்களில் வினையூக்கி வகைச் சென்சார் வேலை செய்யவே ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் நிறைந்த தொட்டிக்குள் எரிவாயு இருந்தாலும் அது பூஜ்ஜியம் காட்டும். அதனால் எப்போதும் ஆக்சிஜனை முதலில் அளந்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

சிலிண்டரை அடையாளம் காண்பதும் நகர்த்துவதும்

நிறத்தை நம்பாதீர்கள். ஐரோப்பிய முறையில் தோள்பகுதி கறுப்பாக இருந்தால் நைட்ரஜன். இந்தியாவில் உடல் கறுப்பாக இருந்தால் ஆக்சிஜன். லேபிளில் வாயுவின் பெயரும் ஐ.நா. எண்ணும் இருக்கும்: அழுத்திய ஆர்கானுக்கு 1006, நைட்ரஜனுக்கு 1066, ஹீலியத்துக்கு 1046. லேபிள் கிழிந்திருந்தால், யார் என்ன சொன்னாலும் அந்த சிலிண்டரைத் திருப்பி அனுப்புங்கள். மரையை வைத்து ஊகிக்கவும் முடியாது. எரியும் வாயுக்களுக்கு இடமரை, மற்றவற்றுக்கு வலமரை என்ற பிரிவு பல நாடுகளில் இருந்தாலும், ஆர்கான், நைட்ரஜன், ஹீலியம் மூன்றுக்கும் ஒரே இணைப்பு இருப்பது சகஜம். பொருந்தாத இணைப்பை அடாப்டர் போட்டுப் பொருத்துவது பச்சைத் துரோகம். அந்த மரை பொருந்தாமல் வைத்ததே உங்களைத் தடுக்கத்தான்.

வெறும் உருளையே 60 கிலோவுக்கு மேல் இருக்கும். உயரம் ஒன்றரை மீட்டர், அடி ஒரு சாண் அகலம். லேசாகத் தட்டினாலே சாயும். சாயும் சிலிண்டரைக் கையால் தாங்கப் போகாதீர்கள், விலகுங்கள். நகர்த்துவதற்கு முன் ரெகுலேட்டரை (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) கழற்றி, வால்வு மூடியைத் திருகி, சங்கிலி உள்ள டிராலியில் கட்டித்தான் தள்ள வேண்டும். மூடியைப் பிடித்துத் தூக்குவது, படுக்கவைத்து உருட்டுவது, வால்வில் கயிறு கட்டி கிரேனில் தூக்குவது மூன்றும் கூடாது. வால்வு ஒடிந்தால் 200 பாரில் இருக்கும் வாயு அந்த விரல் அளவு துளை வழியாகப் பீறிட்டு, சிலிண்டரை ராக்கெட் மாதிரி தள்ளிக்கொண்டு போகும். செங்கல் சுவர் அதைத் தடுக்காது.

நிறுத்தும் இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் சங்கிலி போடுங்கள். நிரம்பியதும் காலியானதும் தனித்தனி. 15 டிகிரியில் 200 பார் இருந்தது வெயிலில் 50 டிகிரிக்குச் சூடானால் 224 பார் ஆகும். உலைக்குப் பக்கத்தில் வைத்தால் அதற்கும் மேலே போகும். லிஃப்டில் ஏற்ற வேண்டுமானால் சிலிண்டரை மட்டும் அனுப்பிவிட்டு ஆள் படியில் ஏறுங்கள். திரவ நைட்ரஜன் பாத்திரத்துக்கு இது இரட்டிப்பு முக்கியம், ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். இடையில் நின்றுபோன லிஃப்ட் நொடியில் கண்ணுக்குத் தெரியாத குழியாகிவிடும்.

ரெகுலேட்டர் மாட்டுவது

வால்வு வாயில் தூசி, ஈரம், அடிபட்ட மரை இருக்கிறதா என்று பாருங்கள். வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, வால்வை ஒரு நொடி மட்டும் திறந்து மூடினால் தூசி போய்விடும். (இதை மந்த வாயுவுக்கு மட்டும், காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும்.) வாஷர் நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். முகப்பு உலோகம் உலோகத்தோடு அமர்ந்து மூடும் வகை என்றால் டெஃப்லான் டேப் சுற்றக்கூடாது; டேப் துணுக்கு உள்ளே போய் ரெகுலேட்டர் சீட்டில் (உள்ளே வாயுவை அடைத்து மூடும் முகம்) உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய், கிரீஸ் எதையும் தடவாதீர்கள். ஆர்கானுக்கு ஆபத்தில்லை என்று வாதிடலாம், ஆனால் அதே ஸ்பேனர் நாளைக்கு ஆக்சிஜன் சிலிண்டருக்குப் போகும்.

மாட்டியதும் அழுத்தம் கூட்டும் திருகை இடப்பக்கமாகச் சுற்றித் தளர்த்துங்கள், அது லொடலொடவென்று ஆட வேண்டும். இதை மறந்து வால்வைத் திறந்தால் முழு அழுத்தமும் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற மெல்லிய தகட்டின் மீது மோதும். பிறகு ரெகுலேட்டர் கேஜ்களுக்கு (அழுத்தமானிகளுக்கு) நேரெதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, வால்வை மெதுவாக, முதலில் கால் சுற்றுதான், திறவுங்கள். முள் ஏறி நின்றதும் மிச்சத்தைத் திறக்கலாம். கை பலத்தில் திறக்காத வால்வை நீளக் குழாய் போட்டு நெம்பாதீர்கள், அனுப்பியவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஸ்பின்டில் (வால்வின் சுழலும் தண்டு) அருகே கசிந்தால் அதைச் சுற்றி அடைக்கும் கிளாண்ட் நட்டை நீங்களே இறுக்க முயலாமல், மூடிவிட்டு வெளியே கொண்டுபோங்கள்.

அடுத்து இரண்டு சோதனைகள். முதலாவது: டார்ச்சை மூடிவைத்து, ரெகுலேட்டரில் வேலைக்கான அழுத்தத்தை வைத்துவிட்டுப் பொறுங்கள். வெளிப்பக்க கேஜ் முள் தானாகவே ஏறிக்கொண்டே போனால் உள்ளே சீட் கசிகிறது. இப்படியே விட்டால் ஹோஸ் வெடிக்கும். இரண்டாவது: எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு சிலிண்டர் வால்வை மூடுங்கள். இப்போது உயர் அழுத்தக் கேஜின் பின்னால் இருக்கும் வாயு மிகச் சிறிது, அதனால் நுண்ணிய கசிவும் முள்ளில் தெரியும். பத்து நிமிடத்தில் முள் நகரவில்லை என்றால் இணைப்புகள் சரி. நகர்ந்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அழுத்தத்தை இறக்கிவிட்டுப் பிறகு இறுக்குங்கள். கையை வைத்துக் காற்று வருகிறதா என்று தடவிப் பார்ப்பது உயர் அழுத்தக் கசிவில் மிக மோசமான பழக்கம். வாயு தோலைத் துளைத்து ரத்தத்துக்குள்ளேயே போகக்கூடும்.

வேலை முடிந்ததும் வரிசை இது: சிலிண்டர் வால்வை மூடு, டார்ச்சைத் திறந்து ஹோஸில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை வெளியேற்று, இரண்டு முள்ளும் பூஜ்ஜியத்துக்கு வந்ததும் திருகைத் தளர்த்து. ஆரம்பத்தில் பார்த்த அந்த 8,640 லிட்டர் கணக்கு, இந்த ஒரு திருகலை மறந்ததால் வந்தது. சிலிண்டரைச் சுத்தமாகக் காலி செய்யாமல் 2 பார் அளவாவது உள்ளே விட்டு வையுங்கள், இல்லையேல் ஈரக்காற்றும் அழுக்கும் உள்ளே புகும்.

குழி, தொட்டி, குழாய்

பெரும்பாலான சாவுகள் இங்கேதான் நடக்கின்றன. 1.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழமுள்ள ஒரு பழுதுபார்க்கும் குழியின் கன அளவு 1.8 கன மீட்டர். நிமிடத்துக்கு 12 லிட்டர் ஆர்கான் அதற்குள் விழுந்தால், 120 லிட்டர் சேர்வதற்குப் பத்தே நிமிடம். அந்த 120 லிட்டர் போதும், குழியின் ஆக்சிஜன் 19.5-க்கு வந்துவிடும். வெளியே டீ குடிக்கப் போன நேரத்தில் குழிக்குள் டார்ச்சை விட்டுவிட்டுப் போவதன் விலை இதுதான். உள்ளே வேலை நிற்கும் ஒவ்வொரு முறையும் ஹோஸையும் டார்ச்சையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

குழாய் வெல்டிங்கில் உள்பக்கம் ஆர்கான் பர்ஜ் போட்டிருந்தால் (காற்றை விரட்ட ஆர்கானால் நிரப்பியிருந்தால்), அடைப்புத் தட்டைக் கழற்றிய பிறகும் தாழ்ந்த பகுதிகளில் வாயு நாட்கணக்கில் நிற்கும். வேர்ப்பாஸ் (இணைப்பின் அடியில் போடும் முதல் வெல்டு) எப்படி வந்திருக்கிறது என்று தலையை உள்ளே நுழைத்துப் பார்க்கும் ஆசை வெல்டருக்கு இயல்பு. கண்ணாடியோ கேமராவோ கொடுங்கள், தலை வேண்டாம். திறப்பு வாயிலே கூட ஆக்சிஜன் குறைந்திருக்கும் என்பதற்கு ஒரு சாட்சி: 2005 நவம்பரில் அமெரிக்காவின் டெலவேரில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், நைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்த கலத்துக்குள் கிடந்த ஒட்டுநாடாச் சுருளை எடுக்க முயன்ற தொழிலாளி விழுந்தார்; காப்பாற்றப் போனவரும் இறந்தார்.

உள்ளே இறங்கத்தான் வேண்டும் என்றால், மூடிய வால்வை நம்பாதீர்கள். குழாயைக் கழற்றி முனையை அடைக்கவும், அல்லது தடுப்புத் தட்டு போடவும். காற்று ஊதும் புளோயரின் ஹோஸ் அடிவரை போக வேண்டும், ஆர்கான் கீழேதான் கிடக்கும். காற்றுக்குப் பதில் ஆக்சிஜனை விடலாமே என்ற யோசனை வந்தால் அதை அங்கேயே நிறுத்துங்கள்: 23.5 சதவீதத்துக்கு மேல் போனால் போட்டிருக்கும் துணியே தீப்பொறி பட்டதும் கொழுந்துவிட்டு எரியும். புளோயர் ஓடிய பிறகு மேல், நடு, அடி மூன்றிலும் பம்ப் வைத்த குழாயால் அளவிடுங்கள். மாதிரி மீட்டரை எட்டவும் சென்சார் நிலைபெறவும் ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது இரண்டு நிமிடம் கொடுங்கள். ஆள் உள்ளே இருக்கும் வரை மீட்டர் அவர் உடம்பில், காற்று தொடர்ந்து, மேலே ஒருவர் கண் எடுக்காமல். உள்ளே இருப்பவர் இடுப்பில் அல்ல, தோள் சேணத்தில் கயிறு கட்டியிருக்க வேண்டும்; அதன் மறுமுனை முக்காலியில் உள்ள விஞ்சில் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி). தூசி முகமூடியோ வடிகட்டிப் புட்டி வைத்த முகக்கவசமோ எதுவும் இங்கே பயனற்றது, அவை காற்றைச் சுத்தம் செய்யும், இல்லாத ஆக்சிஜனை எங்கிருந்து கொண்டுவரும்?

இன்னொரு வழியிலும் நைட்ரஜன் வந்து நுழையும். ஆலைகளில் காற்றுக் குழாயும் நைட்ரஜன் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும்; முகமூடிக்குப் போகும் காற்று நைட்ரஜன் குழாயோடு இணைக்கப்பட்டதால் ஆட்கள் விழுந்திருக்கிறார்கள். மூச்சுக்காற்றின் இணைப்பான் வேறு எதோடும் பொருந்தாத வகையாக இருக்கட்டும், முகமூடி போடும் முன் குழாய் வாயில் மீட்டரை வையுங்கள்.

யாராவது விழுந்துவிட்டால்

முதலில் உதவிக்குக் கத்துங்கள், பிறகு நின்ற இடத்திலேயே நில்லுங்கள். அடைபட்ட இடங்களில் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் காப்பாற்ற ஓடியவர்களுடையது என்று 1980-களிலேயே அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. விழுந்தவர் எதனால் விழுந்தாரோ அது அங்கேயே காத்திருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு தாவு தாவி இழுத்துவிடலாம் என்று தோன்றும். 70 கிலோ ஆளைத் தூக்கும்போது தானாகவே மூச்சு இழுத்துவிடுவீர்கள்.

வெளியிலிருந்தே வாயுவை மூடுங்கள், புளோயரை உள்ளே விடுங்கள், விஞ்சில் இழுங்கள். உள்ளே போவது காற்று சிலிண்டரோடு கூடிய சுவாசக் கருவி அணிந்த, பயிற்சி பெற்ற ஆள் மட்டும். வெளியே கொண்டுவந்ததும் மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சழுத்தமும் செயற்கைச் சுவாசமும் தொடங்குங்கள். தானாக எழுந்து உட்கார்ந்து ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள், மூளைக்கு ஆக்சிஜன் போகாத நிமிடங்களின் விளைவு பிறகுதான் தெரியவரும். அறையிலோ குழியிலோ, மேல், நடு, அடி மூன்றிலும் 20.9 காட்டும் வரை யாரும் மறுபடி வேலைக்கு நுழைய வேண்டாம்.